ஜோகன்னஸ்பர்க் குளிரும் போர்வைத் தேர்வும்

தமிழ்நாட்டிலிருந்து வேலை நிமித்தம் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் வந்து குடியேறுகிறவர்களில் பலர், ஆப்பிரிக்கா என்றாலே வெயில்தான் என்ற நினைப்பில் இரண்டு பருத்திப் போர்வைகளை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த நகரமோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்துப் பகல் 17 டிகிரி வெயிலில் இதமாகவே கழியும். ஆனால் இரவில் வெப்பம் 4 டிகிரி அளவுக்கும், சில நாள்களில் உறைநிலைக்கும் இறங்கிவிடும். 2012 ஆகஸ்டிலும் 2023 ஜூலையிலும் நகருக்குள் பனியே பெய்தது.

எனினும் இங்கே சிரமப்படுத்துவது வெளிக்குளிரைவிட வீட்டுக்குள் இருக்கும் குளிர்தான். செங்கல் சுவர், டைல்ஸ் தரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் என்று கோடைக்காகவே கட்டப்பட்ட வீடுகள் இவை. வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு மிக அரிது. டொராண்டோவிலோ லண்டனிலோ வாழும் உறவினர்கள் தொலைபேசியில் சொல்லும் யோசனைகள் இங்கே பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுவே. அவர்கள் சூடேற்றிய அறையில் படுக்கிறார்கள். நாம் அறையைக் குளிரவிட்டு, படுக்கையை மட்டும் சூடாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போர்வை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. தன்னுள் அடைபட்ட காற்றைக்கொண்டு உடலின் சூடு வெளியேறாமல் தடுக்கிறது, அவ்வளவுதான்.

கடைகளில் முதலில் கண்ணில் படுவது பாலியஸ்டர் ஃப்லீஸ் போர்வை. விலை மலிவு, தொட்டால் பூப்போல மென்மை, துவைத்தால் சீக்கிரம் உலரும். ஆனால் தூங்கும்போது உடலிலிருந்து வெளியேறும் ஈரத்தை அது ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. சாதாரண ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் சுமார் 16 விழுக்காடும், பருத்தி சுமார் 8 விழுக்காடும் ஈரத்தைத் தாங்கும். பாலியஸ்டர் தாங்குவது 0.4 விழுக்காடு மட்டுமே. நள்ளிரவில் புழுங்கி உதறிவிட்டு, விடியற்காலையில் நடுங்கி மறுபடியும் இழுத்துப் போர்த்திக்கொள்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான். மேலும் இங்கே மழை கோடையில்தான். குளிர்காலக் காற்று அவ்வளவு வறண்டிருப்பதால், இருட்டில் ஃப்லீஸை உதறினால் படபடவென்று பொறி பறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்நாட்டு வீடுகளில் வழக்கமாகப் பயன்படுவது டூவே. உள்ளே பாலியஸ்டர், தூவி போன்றவற்றை அடைத்துத் தைத்த இன்னர் என்னும் மெத்துப் போர்வை, அதன்மேல் கழற்றித் துவைக்கக்கூடிய உறை. இன்னரின் அட்டையில் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். 200 கிராம் என்றால் லேசானது, 400 என்றால் கனத்த குளிர்காலத்துக்குரியது. ஆனால் ஒரே வகை அடைப்புப் பொருளுக்குள் ஒப்பிடும்போது மட்டுமே இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. வாத்தின் மென்தூவி அடைத்தது பாதி எடையிலேயே பாலியஸ்டர் அடைத்ததற்கு ஈடான சூட்டைத் தந்துவிடலாம். பிரிட்டனிலிருந்து வரும் சரக்கில் டாக் என்ற அளவு இருக்கும். அது வெப்பத்தைத் தடுக்கும் திறனையே நேரடியாகக் குறிப்பதால் எனக்கு அதுதான் நம்பகமாகப் படுகிறது: 4.5 கோடைக்கு, 13.5 கடுங்குளிருக்கு. தூவி விலையுயர்ந்தது, சைவ உணவுக் குடும்பங்கள் சிலவற்றில் அதை வீட்டுக்குள்ளேயே சேர்ப்பதில்லை.

ஆனால் கனத்த இன்னர் ஒன்றை வாங்கிவிட்டால் போதும் என்பது சரியல்ல என்பதே என் கருத்து. இங்கே படுக்கும் நேரத்துக்கும் விடியற்காலைக்கும் இடையே வெப்பநிலை வெகுவாக மாறுகிறது. மே மாதக் குளிர் வேறு, ஜூலைக் குளிர் வேறு. ஆகவே அடுக்கடுக்காகப் பிரிக்கக்கூடிய ஏற்பாடே உகந்தது. உடலை ஒட்டி ஒரு பருத்தி விரிப்பு, அதன்மேல் நடுத்தர எடையுள்ள டூவே, கால்மாட்டில் இழுத்துக்கொள்ள வசதியாக ஒரு கம்பளி. ஊரிலிருந்து கொண்டுவந்த சென்னிமலைப் போர்வையும் கரூர் விரிப்பும் இந்த முதல் அடுக்குக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அவை அழுக்கைத் தாங்கிக்கொள்வதால் டூவே உறையை அடிக்கடி துவைக்க வேண்டியதும் இல்லை. புதிதாக உறை வாங்குவதானால், ஒன்றுவிட்டு ஒன்றாக நெய்த பெர்கேல் தொடும்போது குளிர்ச்சியாகவும், நூல்கள் மேற்புறம் நீண்டு மிதக்கும்படி நெய்த சட்டீன் வழவழப்பாகவும் சற்றே சூடாகவும் இருக்கும் என்பதை நினைவில் கொள்ளலாம். ஒரு சதுர அங்குலத்தில் நூல் எண்ணிக்கை 1,000 என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பல புரி நூலில் ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணித்தான் அந்த எண்ணை எட்டுகிறார்கள்.

துணியைக் கையால் தடவிப் பார்த்து வாங்க விரும்புவோருக்கு நகரின் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதியிலுள்ள ஓரியன்டல் பிளாசா ஏற்ற இடம். இதே நகரின் பேஜ்வியூ பகுதியிலிருந்து நிறவெறி அரசால் வெளியேற்றப்பட்ட இந்திய வணிகர்களுக்காக 1970களில் எழுந்த கடைத்தொகுதி அது. கம்பளியைப் பொறுத்தவரை, அண்டை நாடான லெசோத்தோவின் மக்கள் தோளில் போர்த்தும் பசோத்தோ கம்பளியின் அழகில் மயங்காதவர் இல்லை. அதை நெய்யும் அராண்டா ஆலை ஜோகன்னஸ்பர்குக்கு மேற்கே ராண்ட்ஃபொன்டெயினில்தான் இருக்கிறது. ஆனால் அது உடுத்துவதற்கான அளவில் நெய்யப்படுவது; இருவர் படுக்கும் கட்டிலை முழுவதும் மூடாது.

அளவு விஷயத்தில் கவனம் தேவை. இங்கே கட்டில்களில் சிங்கிள், டபுள் ஆகியவற்றுக்கு இடையே 107 சென்டிமீட்டர் அகலத்தில் முக்கால் கட்டில் என்று ஒன்று உண்டு. நம் ஊர் விரிப்பு எதுவும் அதற்குச் சரியாக அமையாது. டபுள் கட்டில் 137, குவீன் 152, கிங் 183 சென்டிமீட்டர் அகலம். டபுள் டூவே 200 சென்டிமீட்டர் அகலம்தான் என்பதால், இருவர் படுத்தால் நள்ளிரவில் இழுபறி நிச்சயம். டபுள் கட்டிலுக்கும் 230 சென்டிமீட்டர் அகலமுள்ள குவீன் டூவேயை வாங்குவது குடும்ப அமைதிக்கு நல்லது. கணவனுக்குப் புழுக்கமும் மனைவிக்குக் குளிருமாக இருக்கும் வீட்டில், தனித்தனி சிங்கிள் டூவே இன்னும் மேல்.

மின்சாரக் கம்பளி மெத்தையின்மேல், விரிப்புக்குக் கீழே போடப்படுவது. படுப்பதற்கு அரைமணி முன்னர் சுவிட்சைப் போட்டு, படுக்கும்போது அணைத்துவிட வேண்டும். மடித்து வைத்தால் உள்ளிருக்கும் கம்பி பழுதாகும். அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் 2022, 2023ஆம் ஆண்டுகளில் நாளுக்குப் பல மணி நேரம் நீடித்த ஆறாம் கட்ட மின்வெட்டில் பட்ட பாட்டை இங்கே யாரும் மறந்துவிடவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தொட்டிலில் டூவேயோ, தளர்வான போர்வையோ, தலையணையோ கூடாது. கையில்லாத தூக்கப்பை அணிவித்தால் போதும்.

கடற்கரை நகரான டர்பனில் வேலை கிடைத்தவர்களுக்கு மேலே சொன்னவற்றில் பாதி வேண்டியதில்லை. ஜூலை இரவிலும் அங்கே வெப்பம் சராசரியாக 11 டிகிரி அளவுக்குத்தான் இறங்கும். கடற்காற்றின் ஈரத்தில் கனத்த இன்னர் பூஞ்சணம் பிடிக்கும், தூசிச் சிற்றுண்ணியும் பெருகும். லேசான இன்னரும், 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத்தக்க பருத்தி உறையும் அங்கே போதுமானவை.

செப்டம்பரில் குளிர் விலகியதும் கம்பளியையும் தூவி இன்னரையும் நாள் முழுவதும் வெயிலில் போட்டு, பருத்திப் பையில் கட்டி வைக்க வேண்டும். அந்துப்பூச்சியின் புழு விலங்கு இழைகளையே தின்னும் என்பதால், பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் அந்துருண்டை தேவையில்லை.