மூன்று தட்டு

பெங்களூரில் ஒரு விமானப் பராமரிப்பு ஹேங்கர். தகட்டு வேலைப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் பெஞ்ச் தேர்வில், அதாவது மேஜைமேல் தனித் தகட்டில் ரிவிட் அடித்துக் காட்டும் தேர்வில், தேறினால்தான் நிஜ விமானத்தில் கைவைக்க விடுவார்கள். எனக்கு அது இரண்டாவது தடவைதான் கிடைத்தது. ரிவிட் என்பது ஓட்டையில் செருகி, வாலை நசுக்கித் தகடுகளைப் பிணைக்கும் உலோக ஆணி. எங்கள் ஊர்ப்பக்கம் ரிவிட் அடிப்பது என்றால் ஒருவனுக்கு ஆப்பு வைப்பது. முதல் தேர்வில் எனக்கு நடந்ததும் அதுதான், வைத்தவனும் நானேதான்.

கொடுத்த வேலை கேட்க எளிது. 0.032 அங்குல அலுமினியத் தகடு, 2024-டி3 ரகம். நடுவில் ஒரு விரிசல். அதை வெட்டி எடுத்து, வெட்டிய மூலைகளை வளைவாக்கி, மேலே 0.040 தகட்டில் ஒரு டப்ளர், அதாவது ஒட்டுத்தகடு, வைத்து ரிவிட் அடித்து மூட வேண்டும். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவது போல என்று நினைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தேன். மாஸ்டர் வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பென்சிலின் கிராஃபைட் அலுமினியத்தில் படிந்தால் அந்தக் கோட்டோடு அரிப்பு ஓடும். ஊசியால் கீறினால் கீறலிலேயே விரிசல் பிறக்கும். வெட்டி எறியப்போகிற இடத்தில் மட்டும் கீறலாம், மற்றதெல்லாம் மார்க்கர் பேனா.

மாஸ்டர் விமானப்படையிலிருந்து வந்தவர். கணக்குப் போடாமல் டிரில்லைத் தொட விடமாட்டார். இரண்டில் தடித்த தகட்டைப் போல மூன்று மடங்கு ரிவிட்டின் விட்டம்: 0.120, அதற்குப் பக்கத்து அளவு 1/8 அங்குலம். நீளத்துக்கு இரண்டு தகடும் சேர்ந்து 0.072, அதோடு விட்டத்தில் ஒன்றரை மடங்கு, மொத்தம் 0.26க்குக் கொஞ்சம் கீழே. கால் அங்குல ரிவிட் சரியாக வரும். டப்பாவில் ஏடி4-4 என்று இருக்கும். ஏடி என்பது ரிவிட்டின் உலோகக் கலவைக்கான குறி. முதல் நான்கு விட்டம், 1/32 அங்குலக் கணக்கில். அடுத்த நான்கு நீளம், 1/16 அங்குலக் கணக்கில்.

"சார், தலை வெளியே தெரியாத ரிவிட் போட்டா அழகா இருக்குமே?" என்று கேட்டேன்.

"அந்தத் தலையோட ஆழம் 0.042. உன் தகடு 0.040. எங்க தம்பி உட்காரும்?"

அப்படிக் குடைந்தால் ஓட்டையின் விளிம்பு கத்திமுனையாகிவிடும். 1988 ஏப்ரலில் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் 737 பறந்துகொண்டிருக்கும்போதே அதன் மேற்கூரை பிய்த்துக்கொண்டு போனதைப் பற்றி அன்றுதான் விவரமாகச் சொன்னார். தகடுகளை இணைத்த பசை விட்டுப்போய், பாரமெல்லாம் ரிவிட் வரிசைமேல் விழுந்து, கத்திமுனை ஓட்டைகளில் விரிசல் ஆரம்பித்திருக்கிறது. அழகைப் பற்றி அப்புறம் நான் பேசவில்லை.

ஓட்டை போடுவதில் சிரமமில்லை. முதலில் 40ஆம் நம்பர் டிரில், பிறகு 30ஆம் நம்பர். தகடுகள் நகராமல் கிளீக்கோ என்ற தற்காலிகப் பிடிப்பானை மாட்டுவோம், வெள்ளி நிறம் சின்ன ஓட்டைக்கு, செம்பு நிறம் 1/8க்கு. மறுபடி பிரித்து, பிசிறு எடுத்து, பிரைமர் அடித்து, திரும்ப மாட்ட வேண்டும்.

ரிவிட் அடிப்பதுதான் வேறு உலகம். ஒருவர் தலைப்பக்கம் ரிவிட் அடிக்கும் துப்பாக்கியைப் பிடிப்பார், இன்னொருவர் வால்பக்கம் பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பார். நடுவில் தகடு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. காதில் அடைப்பான் வேறு. அதனால் கட்டை பிடிப்பவர் ரிவிட்டைத் தட்டித்தான் பேச வேண்டும். ஒரு தட்டு: போதாது, இன்னும் அடி. இரண்டு: நன்றாக இருக்கிறது. மூன்று: கெட்டுவிட்டது, கழற்று. எப்படி உட்கார்ந்தது என்பது கட்டை பிடித்தவருக்கு மட்டுமே தெரியும். அந்தப் பக்கம் நசுங்கி உருவாகும் தலை விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். கட்டை கொஞ்சம் சாய்ந்தாலும் தலை ஒரு பக்கமாகப் படுத்துவிடும்.

என் ஜோடி ஒரு தூத்துக்குடிக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். முதல் தேர்வில் நான் அடித்த எல்லா ரிவிட்டுக்கும் அவர் இரண்டு தட்டுதான் தட்டினார். நானும் கெட்டிக்காரன் என்று பூரித்துப்போனேன். முடித்துத் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் ஒன்று சாய்ந்து படுத்திருந்தது. பாவம், நேரம் போகிறதே என்று விட்டிருக்கிறார்.

நேரம் முடிய இருபது நிமிடம். கழற்றினேன். ஏடி ரிவிட்டின் தலை நடுவில் சிறு குழி இருக்கும், டிரில்லுக்கு மையம் பிடிக்க அது பெரிய உதவி. தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைத்து, தலையை நெம்பி ஒடித்து, பின்னால் தாங்கு கொடுத்துத் தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். அவசரத்தில் நான் தகடு வரை இறங்கிவிட்டேன். ஓட்டை முட்டை வடிவமானது. சரி, அடுத்த அளவான 5/32க்குப் பெரிதாக்கலாம் என்றால், ஓட்டையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும், அதாவது 5/16. நான் விட்டிருந்தது சரியாகக் கால் அங்குலம். புத்தகத்தில் சொன்ன குறைந்தபட்சத்தைச் சிக்கனமாக அப்படியே விட்டதற்குத் தண்டனை: ஒரு ரிவிட்டால் முழு டப்ளரும் குப்பைக்குப் போனது.

மாஸ்டர் அளவுக் கேஜை மேஜையில் வைத்தார். "கெடுத்தவன் ஒருத்தன், நல்லாருக்குன்னு பொய் சொன்னவன் ஒருத்தன். ரெண்டு பேரும் அடுத்த மாசம் வாங்க." அண்ணனுடைய தகடு சுத்தமாகத்தான் இருந்தது. அவரையும் தேறவிடவில்லை. அன்று அது அநியாயம் என்று தோன்றியது. இரண்டு நாள் கேன்டீனில் நாங்கள் சேர்ந்து உட்காரவில்லை.

அந்த மாதம் முழுக்க மதியம் சாப்பிட்டு முடித்ததும் குப்பைத் தகட்டில் அடித்துப் பழகினோம். ரிவிட் நசுங்குவது அதிர்விலேயே கைக்குத் தெரிந்துவிடும். கட்டை உள்ளே இறங்குவது நிற்கும் கணத்தில் சத்தமும் மாறும். இதை யாரும் சொல்லித்தர முடியாது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது தேர்வில் ஓரம் 3/8 அங்குலம் விட்டேன். முதலில் அண்ணனுடைய முறை, நான் கட்டை பிடித்தேன். பன்னிரண்டாவது ரிவிட்டில் கை வழுக்கியது. அது என் தப்பு, கெட்டதோ அவருடைய வேலை. இரண்டு தட்டலாமா என்று மனசு ஒரு நொடி கேட்டது, பொய் சொல்லவில்லை. மூன்று தட்டினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு டிரில் ஓடும் ஒலி வந்தது, நிதானமாக.

அவருக்கு மூன்று முறை நான் மூன்று தட்டினேன். என் முறையில் அவர் ஐந்து முறை தட்டினார். அதில் இரண்டு கொஞ்சம் அதிகம்தான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாஸ்டர் வரிசையாகக் கேஜ் வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு என் இடுப்பைப் பார்த்தார்.

"நாளைக்கு வால் பகுதிக்குள்ள ஆள் போகணும். ஒல்லியா இருக்க, நீதான் கட்டை பிடிக்கிற. காலையில டிஃபன் அளவா சாப்பிட்டுட்டு வா."