அம்மாவை மான்செஸ்டருக்குக் கூட்டிப்போன டிக்கெட் கணக்கு

தங்கைக்குப் பிரசவம் என்றால் அம்மா போகாமல் இருக்க முடியாது. தங்கை இருப்பதோ மான்செஸ்டரில். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவது என் பொறுப்பு. அவர் சில மாதம் தங்கிவிட்டுத் தனியாக வருவார். இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டுதான் டிக்கெட் தேட உட்கார்ந்தேன்.

நேரடி விமானம் என்று எல்லாரும் சொன்னார்கள். கோலாலம்பூரிலிருந்து பிரிட்டனுக்கு நேரடியாகப் போகும் விமானங்கள் லண்டன் ஹீத்ரோவில்தான் இறங்குகின்றன. ஏறக்குறைய 14 மணி நேரம் ஒரே இருக்கையில் இருந்த பிறகு, பெட்டிகளை இழுத்துக்கொண்டு லண்டனுக்குள் போய், யூஸ்டன் நிலையத்தில் ரயில் பிடித்து, இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால்தான் மான்செஸ்டர். எங்கள் கணக்கில் அதுவும் ஓர் இடைநிறுத்தம்தான், விமான நிலையத்துக்கு வெளியே நடக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம். போக வர தலைக்குச் சுமார் 5,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), ரயில் காசு தனி.

அடுத்த முனையில் சீன வழி. ஏறக்குறைய 2,900 வெள்ளி. இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், ஒரு காரணம் ஆகாயத்தில் இருக்கிறது. 2022-இலிருந்து ஐரோப்பிய, பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடிக் கிடக்கிறது. சீன விமானங்கள் இன்னமும் அந்த வழியாகப் போகின்றன. தூரம் குறைவு, எரிபொருள் மிச்சம். மலேசியக் கடப்பிதழுக்குச் சீனாவில் 30 நாள் வரை விசாவும் வேண்டாம். ஆனால் எங்களுக்குக் கிடைத்த தேதியில் இடையில் 11 மணி நேரக் காத்திருப்பு. அதுவும் நடு இரவில் இறங்கி மறுநாள் முற்பகல் கிளம்புவது. அந்த நேரத்தில் கடைகள் பாதி மூடியிருக்கும், ஊருக்குள் போய் வரவும் முடியாது, இரும்புக் கைப்பிடி வைத்த நாற்காலியில் காலை நீட்டவும் முடியாது. பகலில் 11 மணி நேரம் என்றால் நான் யோசித்திருப்பேன். காத்திருப்பு எத்தனை மணி நேரம் என்பதைவிட அது கடிகாரத்தில் எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

பினாங்கில் இருக்கும் சித்தப்பா வேறு கணக்கு சொன்னார். “சிங்கப்பூருக்கு மலிவு டிக்கெட் ஒன்னு எடு, அங்கிருந்து மான்செஸ்டருக்கு நேரா போ.” சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அங்கிருந்து மான்செஸ்டருக்குப் பறக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட். சிக்கல் அங்கேதான். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நாம் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். புது டிக்கெட்டை நம் காசில் வாங்க வேண்டும். போதாததற்கு சிங்கப்பூர் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும். ஒரே புக்கிங் எண்ணில் இரண்டு பயணமும் இருந்தால் இந்தக் கவலை விமான நிறுவனத்துடையது. முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் வேலை. தேடும் தளங்கள் இந்த இரண்டு வகையையும் ஒரே பட்டியலில் கலந்து காட்டுகின்றன. விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று இருந்தால் நான் அடுத்த வரிக்குப் போய்விடுவேன். முதுகுப்பையோடு போகும் கல்லூரிப் பையனுக்கு வேண்டுமானால் அது சரி.

மிச்சம் இருந்தது வளைகுடா வழி. துபாய், டோஹா, அபுதாபி மூன்றிலிருந்தும் மான்செஸ்டருக்கு விமானம் உண்டு. ஏறக்குறைய ஏழு மணி நேரம், இறக்கம், பிறகு ஏறக்குறைய இன்னொரு ஏழு. 14 மணி நேரத்தை நடுவில் சரிபாதியாக வெட்டுவது முழங்கால் வலிக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அம்மாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. “நேரம் ஆனா பரவால்லடா, காலைத் தொங்கப்போட்டு உக்காரத்தான் முடியாது” என்றார். நடுவில் மூன்று மணி நேர இணைப்போடு விலை 3,900 வெள்ளி. அதே நிறுவனத்தில் ஒன்றேகால் மணி நேர இணைப்பு ஒன்று 200 வெள்ளி குறைவாக இருந்தது. குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதற்குக் குறைவாக ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். ஆனால் அது நடக்க முடிந்தவர்களுக்குப் போட்ட கணக்கு. மூன்று மணி நேரத்தை எடுத்தேன்.

சீன வழியோடு ஒப்பிட்டால் தலைக்கு 1,000 வெள்ளி அதிகம். ஆனால் அங்கே ராத்திரி தங்க ஓர் அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, என் விடுப்பில் இன்னொரு நாள் எல்லாம் சேர்த்தால் வித்தியாசம் பாதியாகிவிடுகிறது. அந்தப் பாதியை அம்மாவின் காலுக்குக் கொடுத்ததாக வைத்துக்கொண்டேன்.

டிக்கெட் எடுத்த கையோடு சக்கர நாற்காலி கேட்டுவிட வேண்டும். பல நிறுவனங்கள் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லச் சொல்கின்றன. இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் இதில் மூன்று வகை இருப்பது பலருக்குத் தெரியாது. டபிள்யூ.சி.எச்.ஆர் என்றால் படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க மாட்டார். டபிள்யூ.சி.எச்.எஸ் என்றால் படியும் ஏற மாட்டார். டபிள்யூ.சி.எச்.சி என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். இணைப்பு நகரத்தில் சில சமயம் விமானத்தைக் கட்டடத்திலிருந்து தள்ளி நிறுத்தி, ஏணிப்படியில் இறக்கி, பஸ்ஸில் கூட்டிப் போவார்கள். ஆகவே அம்மாவுக்கு இரண்டாவது வகையைப் போடச் சொன்னேன்.

அப்புறம் சாமான். பிரசவம் பார்க்கப் போகிறவரின் பெட்டியில் என்ன இருக்கும்? சுக்கு, பூண்டு, பெருங்காயம், மருந்துப் பொடி, நல்லெண்ணெய், அதோடு ஒரு பாட்டில் நெய். நெய்யை வீட்டிலேயே வைத்துவிட்டோம். ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வருபவர்கள் பிரிட்டனுக்குள் இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுபோகக் கூடாது, நெய்யும் அதில் அடக்கம். இதை அம்மாவுக்குப் புரிய வைக்க ஒரு முழு மாலை ஆனது. எண்ணெயும் ஊறுகாயும் பெரிய பெட்டிக்குள் போயின. கைப்பையில் வைத்தால் இணைப்பு நகரத்தில் மறுபடி நடக்கும் சோதனையில் 100 மில்லிக்கு மேல் இருக்கும் எதுவும் தங்காது. நல்லெண்ணெய் ஊறிய ஊறுகாய் திரவமா இல்லையா என்று அங்கே வாதாட முடியாது.

மலேசியர்களுக்கு 2025 ஜனவரி 8 முதல் பிரிட்டன் போக இ.டி.ஏ என்ற மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். கைப்பேசியிலேயே எடுத்துவிடலாம், நாங்கள் எடுத்தபோது 16 பவுண்டு.

கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ-வுக்கு கிராப் வாடகைக் கார்தான் பிடித்தோம். விரைவு ரயிலில் தலைக்கு 55 வெள்ளி, இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டால் கிராப் லாபம். முகப்பில் இரண்டு போர்டிங் பாஸும் அங்கேயே வாங்கிக்கொண்டு, பெட்டியில் ஒட்டிய சீட்டில் மான்செஸ்டரின் ‘எம்.ஏ.என்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். விமான நிலையத்துக்குள் ஓடும் ஏரோ ரயில் 2023 மார்ச்சில் நின்றுபோய், 2025 ஜூலையில் திரும்ப ஓடத் தொடங்கியது. சக்கர நாற்காலியோடு, விமானம் ஏறும் சேட்டலைட் கட்டடத்துக்குப் போக அது இல்லாவிட்டால் பெரும்பாடு.

இணைப்பு நகரத்தில் நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. உதவியாளர் அம்மாவைத் தள்ளிக்கொண்டுபோய், உதவி வேண்டியவர்களுக்கான ஒரு கூடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அங்கே அதேபோல் பல முதியவர்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். கழிப்பறைக்கு அழைத்துப் போகவும் ஆள் வர வேண்டும், யாரும் வரவில்லை. கடைசியில் நானே ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கித் தள்ளினேன். வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் ஏற ஆரம்பித்திருந்தார்கள். மூன்று மணி நேரம் அப்படியே கரைந்துவிட்டது. ஒன்றேகால் மணி நேர இணைப்பை எடுத்திருந்தால் அன்று மான்செஸ்டர் விமானம் எங்களை விட்டுவிட்டுத்தான் போயிருக்கும்.

அம்மா தனியாகத் திரும்பும் நாளுக்கு முன் தங்கையிடம் இரண்டு விஷயம் சொல்லி வைத்தேன். கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் விமானத்திலிருந்து இறங்க வேண்டும், கைப்பையில் பிஸ்கட்டும் மாத்திரையும் இருக்க வேண்டும். இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு அந்நாட்டு இழப்பீட்டு விதி எந்த நாட்டு விமானத்துக்கும் பொருந்தும். ஒரே டிக்கெட்டாக இருந்து, நிறுவனத்தின் தவறால் கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால் தலைக்கு 520 பவுண்டு கேட்கலாம், தாமதம் நடுவில் இருக்கும் ஊரில் நடந்திருந்தாலும்கூட. சித்தப்பா சொன்ன தனித்தனி டிக்கெட்டில், நடுவில் நடக்கும் தாமதத்துக்கு இது கிடைக்காது. போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொன்னேன். அம்மா குறித்த நேரத்துக்கு வந்து இறங்கினார், அதனால் அவை தேவைப்படவில்லை. தம்பி அடுத்த வருடம் தங்கையைப் பார்க்கப் போகிறான், சீன வழியில்தான். அவனுக்கு நாற்காலியில் தூக்கம் வரும்.