ஊர் கேசட்டுக்காரர்கள்
சினிமாப் பாட்டை நம்பாமல் கடை நடத்திய கேசட் கம்பெனிகள் மதுரைப் பக்கம் இருந்தன. ஒரு கம்பெனிக்குள்ளேயே எத்தனை வகை ஆட்கள்! சித்திரைக்கு அழகர் வர்ணிப்பு பாடுகிறவர், ஒப்பாரி பாடும் அம்மா, அப்புறம் நையாண்டி மேள செட். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு எல்லாவற்றையும் ஓர் அறைக்குள் வைத்துப் பதிந்தால் என்ன ஆகும்? தமுக்கு மட்டும் கேட்கும்.

எனக்கு நாடகக்காரர்கள்தான் உசத்தி. வள்ளி திருமணத்தில் ஆர்மோனியக்காரர் காலால் மிதித்துக் காற்றை ஏற்றுவார். இரண்டு கையும் கட்டையில் ஓடும், கூடவே பாட்டும். விடிய விடிய நடக்கிற நாடகம், கேசட்டிலோ பக்கத்துக்கு 30 நிமிடம். வள்ளி கேட்ட கேள்விக்கு நாரதர் வாய் திறப்பதற்குள் டேப் தீர்ந்துவிடும். திருப்பிப் போடணும்.

மிருதங்கம், டோலக் தவிர ‘ஆல்ரவுண்ட்’ என்று ஒருவர் இருப்பார். ஜால்ரா, மணி, பபூன் விழும்போது ‘டமார்’ எல்லாம் அவர் கை. நாட்டுப்புறப் பாடகர் பேராசிரியர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது, சந்தோஷம். ஆனால் இந்த ஆல்ரவுண்ட்காரர் பெயர் கேசட் அட்டையில்கூட வந்து நான் பார்த்ததில்லை. அநியாயம். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.