சர்க்கரை மண்டையோடு எட்டு, தேறியது மூன்று

மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு நாங்கள் வந்து இது மூன்றாவது வருஷம். போன இரண்டு முறையும் மகளின் பள்ளியில் இறந்தோர் திருநாள் வந்தபோது பூ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். நவம்பர் 1-ல் இறந்துபோன குழந்தைகளும் 2-ல் பெரியவர்களும் வீட்டுக்கு வந்து போவார்கள் என்பது இங்குள்ள நம்பிக்கை. அவர்களுக்கு வைக்கிற படையலுக்கு ஒஃப்ரெண்டா என்று பெயர். இந்த வருஷம் நாலாம் வகுப்பு ஒஃப்ரெண்டாவுக்குப் பெற்றோரிடம் உதவி கேட்டார்கள். சும்மா இருக்காமல் பெயர் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 19

முதலில் பாப்பெல் பிக்காடோ, அதாவது காகிதத் தோரணம். இதற்குப் பேர்போன ஊர் புவெப்லா மாநிலத்து ஹுயிஷ்கொலோத்லா. அங்கே மெல்லிய தாள்களைக் கட்டாக அடுக்கி, உளி வைத்துச் சுத்தியலால் தட்டி ஒரே வீச்சில் வெட்டுவார்கள். என்னிடம் இருந்தது நகம் வெட்டும் கத்தரிக்கோல். எட்டாக மடித்து வெட்டினேன். முதல் தாளில் மண்டையோட்டுக்கு மூன்று கண். நான்காக மடித்தால் போதும் என்று பிறகுதான் புரிந்தது. சாயங்காலத்துக்குள் பதினாறு தாள் ஆயிற்று.

அக்டோபர் 22

சர்க்கரை மண்டையோடு. சந்தையில் பிளாஸ்டிக் அச்சு கிடைக்கிறது. சர்க்கரையில் முட்டை வெள்ளைக்கரு பிசறி அச்சில் அடைத்தேன், கவிழ்த்தேன், தாடை கழன்று விழுந்தது. எட்டுக்கு எட்டும் இதே கதி. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்துச் சிரித்தார். ஈரம் அதிகம். கைப்பிடியில் இறுக்கினால் விரல் தடம் நிற்க வேண்டும், ஆனால் கையில் ஒட்டக் கூடாது. கோலமாவில் தண்ணீர் தெளித்த பதம் என்று எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். மறுபடி எட்டு செய்து ராத்திரி முழுக்கக் காயவிட்டதில் மூன்று தேறின. நெற்றியில் ஐசிங்கால் பெயர் எழுதுவது வழக்கம். உயிரோடு இருப்பவர் பெயரையும் எழுதி நண்பர்களுக்குக் கொடுப்பார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை!

அக்டோபர் 27

பான் தே முவெர்த்தோ. ஆரஞ்சுத் தோல் துருவிப் போட்ட வெண்ணெய் ரொட்டி, மேலே எலும்பு வடிவம். விரல்களை அகட்டி வைத்து மாவை உருட்டினால் எலும்பின் முண்டு முண்டான வடிவம் தானாக வந்துவிடுகிறது. ஆனால் ஓவனில் வைத்ததும் எலும்பெல்லாம் உருகி ரொட்டியோடு ஒன்றாகிவிட்டது. எலும்புக்கான மாவைத் தனியாக எடுத்து இன்னும் கொஞ்சம் மைதா சேர்த்துக் கெட்டியாகப் பிசைய வேண்டுமாம். இரண்டாவது தடவை சரியாக வந்தது.

அக்டோபர் 29

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படமும், படத்தில் இருப்பவருக்குப் பிடித்த பண்டமும் கொண்டுவர வேண்டும். மகள் என் அப்பா படத்தை எடுத்துக்கொண்டு, "தாத்தாவுக்கு என்னம்மா பிடிக்கும்?" என்றாள். காபி என்று சொல்லிவிட்டேன். சந்தேகம் வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"காபியா? டாக்டர் சீனி இல்லாம குடிக்கச் சொன்னதுலேருந்து அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சட்டைப்பையில கடலை மிட்டாயை ஒளிச்சு வச்சுல்ல திம்பாரு. சட்டையைத் துவைக்கிற எனக்குத்தானே தெரியும்."

எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கடலை மிட்டாய்க்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பலங்கெத்தா என்ற பெயரில் அதே வேர்க்கடலை, அதே பாகு, இங்கே சிக்னலில்கூட விற்கிறார்கள்.

அக்டோபர் 31

காலை ஏழு மணிக்கே பள்ளியில் ஆஜர். ஒஃப்ரெண்டாவுக்கு மூன்று படி, மேலே வளைவு. படி நிறைய செம்பசூச்சில், நம் ஊர் செண்டுமல்லியேதான். ஆயுத பூஜைக்கு லாரி லாரியாக வருகிற அந்தப் பூவுக்கு இதுதான் பூர்வீகம். இங்கே அதன் நிறமும் மணமும் ஆவிகளுக்கு வழிகாட்டும் என்பதால், வாசலிலிருந்து இதழ்களை உதிர்த்துப் பாதை போட்டோம். தண்ணீர் வைத்தோம், வழிநடையில் வந்தவருக்குத் தாகம் தீர. ஒரு கிண்ணத்தில் உப்பு. மெழுகுவர்த்திக்கு அனுமதி இல்லை, பேட்டரி விளக்குதான். கொப்பால் பிசினை முற்றத்தில் கரித்துண்டில் போட்டார்கள். சாம்பிராணிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு வாசம்.

பெண்பிள்ளைகள் பாதிப்பேர் கத்ரினா வேஷம், பூத்தொப்பி போட்ட எலும்புக்கூட்டுச் சீமாட்டி. போசாதா என்ற செதுக்கோவியர் 1910-களில் பகட்டுக்காரர்களைக் கிண்டலடித்துச் செதுக்கிய தலை அது. 1947-ல் தியேகோ ரிவேரா தன் சுவரோவியத்தில் அதற்கு முழு உடம்பும் உடுப்பும் கொடுத்தார். முகச்சாயம் கன்னத்தில் அரிக்கிறது என்று என் மகள் பத்து நிமிஷத்தில் பாதியை அழித்துவிட்டாள்.

தேறிய மண்டையோடுகளில் ஒன்றை அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் டீச்சர். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை மண்டையோடு. அப்பா இருந்திருந்தால் அதையும் பைக்குள் போட்டிருப்பார்.

நவம்பர் 3

படையலைப் பிரித்தார்கள். வந்து போனவர்கள் மணத்தையும் ருசியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதனால் மிச்சமிருக்கும் பண்டம் சப்பென்று இருக்கும் என்று இங்கே சொல்வார்கள். பலங்கெத்தாவைக் காணோமே என்று தேடினால், மகள் அதை வேனிலேயே முடித்திருந்தாள்.

"ருசி அப்படியேதாம்மா இருந்துச்சு."