பெத்தானியாவில் 24 படிகள்

தம்பி இறந்த ஏழாம் மாதம் எங்கள் சபையிலிருந்து ஒரு குழு எருசலேமுக்குக் கிளம்பியது. அம்மாதான் என் பெயரைக் கொடுத்தார். எனக்கு ஜெபிக்க வாயே வராத நாட்கள் அவை. உபவாசம் இருந்து கேட்டும் அவனைக் காப்பாற்றவில்லையே என்ற கோபம் நெஞ்சில் அப்படியே கிடந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "கர்த்தருடைய சித்தம்" என்றார்கள். அது காதில் ஏறவே இல்லை.

மரித்த பிறகு இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் ஊரான பெத்தானியா, ஒலிவமலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. எருசலேமிலிருந்து ஏறக்குறைய இரண்டு மைல் என்கிறது யோவான் சுவிசேஷம். இப்போது நடுவில் இஸ்ரேல் கட்டிய பிரிவுச் சுவர் நிற்பதால் பஸ் சுற்றித்தான் போகிறது. அரபியில் ஊரின் பெயர் அல் எய்சரியா. அதற்குள்ளேயும் லாசருவின் பெயர் இருக்கிறது.

லாசருவின் கல்லறைக்குத் தெருவோரம் ஒரு சின்ன வாசல். பழைய வாசல் இருந்த பக்கம் மசூதி வந்துவிட்டதால், 16-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் இந்த வழியைக் குடைந்தார்களாம். அங்கிருந்து செங்குத்தாக 24 படிகள். ஒன்று உயரம், ஒன்று குட்டை, நடுவில் தேய்ந்து வழுக்குகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தம்பி எந்தப் படியையும் இரண்டிரண்டாகத் தாண்டித்தான் இறங்குவான். கீழே நின்று "அக்கா, பாத்து" என்பான். பாதி வழியில் அந்தக் குரல் ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கீழே இறங்கினால் ஒரு சிறிய அறை. அதற்கும் கீழே, குனிந்து நுழைய வேண்டிய குழிபோல் கல்லறை. ஈர மண் வாசனை. நாலைந்து பேர்தான் நிற்கலாம். போதகர் வேதத்தை என் கையில் கொடுத்து, யோவான் 11 வாசிக்கச் சொன்னார்.

லாசருவுக்கு வியாதி என்று கேள்விப்பட்ட பிறகும் இயேசு இரண்டு நாள் தங்கிவிடுகிறார். அவர் வரும்போது லாசருவை அடக்கம் செய்து நாலு நாள் ஆகிவிட்டது. அவனுடைய சகோதரி மார்த்தாள் எதிரே போய்ச் சொல்கிறாள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." பிறகு இன்னொரு சகோதரி மரியாளும் அவர் பாதத்தில் விழுந்து அதையேதான் சொல்கிறாள். நான் ஏழு மாதமாக உள்ளே அடக்கி வைத்திருந்த வார்த்தை! வீட்டுக்குள் இரண்டு பேரும் இதைத்தானே மாற்றி மாற்றிச் சொல்லி அழுதிருப்பார்கள்?

அவர்களை அவர் அதட்டவில்லை. "விசுவாசம் எங்கே" என்று முகத்தில் அடிக்கவில்லை. இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவர், அழுகிறவர்களோடு நின்று தானும் அழுதார். சின்ன வயதில் மனப்பாட வசனம் கேட்டால், சுலபம் என்று நானும் தம்பியும் போட்டி போட்டுச் சொன்ன வசனம் அது: "இயேசு கண்ணீர் விட்டார்."

ஆனால் அங்கே என்னால் அதுவரை வாசிக்க முடியவில்லை. மார்த்தாளின் வசனத்திலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. போதகர் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் மறுபடி ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் தம்பி..."

யாரும் திருத்தவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் என் முதுகில் கை வைத்தார். அந்தக் கை எடுபடாமலே மீதி அதிகாரத்தை வாசித்து முடித்தேன்.