தோட்டா விலையிலிருந்து தொடங்கிய கணக்கு

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது திருச்சிப் பக்கம் நடந்த பத்து நாள் முகாமில் ஆளுக்கு ஐந்தே ஐந்து தோட்டா கொடுத்தார்கள். .22 ரைஃபிள், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே ஏற்றிப் பின்பக்கம் அடைக்கிற இரும்புத் தண்டை, இழுத்துத் தள்ள வேண்டிய பழைய சரக்கு. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எதிரே இருந்த அட்டையைச் சுட்டேன். முடித்ததும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். எனக்கு ஒன்று குறைந்தது. ஹவில்தார் இந்தியில் கத்த, நானும் இன்னும் இரண்டு பேரும் புல்லைத் தடவித் தடவித் தேடி அதை எடுத்த பிறகுதான் மத்தியானச் சாப்பாடு கிடைத்தது.

இருபது வருடம் கழித்து, டாலஸ் பக்கத்தில் ஒரு ஷூட்டிங் ரேஞ்சுக்கு அலுவலக நண்பர் கூட்டிப்போனார். தரை முழுக்கப் பித்தளைக் கூடுகள். ஒரு பையன் அதைக் கூட்டி, வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போனான். எனக்கு அந்த ஹவில்தார் முகம்தான் ஞாபகம் வந்தது.

அன்றைக்குத்தான் சொந்தமாக ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கலாமே என்ற ஆசை முளைத்தது. கிரீன் கார்டு வந்துவிட்டது, சட்டப்படி தடை இல்லை, பட்ஜெட் அறுநூறு டாலர். யாரிடம் கேட்டாலும் "ஏ.ஆர். 15 வாங்கு, வேறென்ன யோசனை" என்று ஒரே பதில். வீட்டில் கேட்டால், "யுவால்டே பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களா? பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் அது எதற்கு?" என்றாள். விலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் என்னிடம் வர இரண்டு மாதம் ஆனது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏ.ஆர். 15-ம் செமி ஆட்டோமேட்டிக்தான். அப்படி என்றால் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான் வரும், அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே உள்ளே ஏற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். சினிமாவில் வருவதுபோலக் கையை வைத்தபடி வைத்திருந்தால் மழையாகப் பொழிகிற சமாச்சாரம் இல்லை. ஏ.ஆர். என்பதற்கு 'அசால்ட் ரைஃபிள்' என்று விரிவாக்கம் சொல்வார்கள், அதுவும் தப்பு. ஆர்மலைட் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. யூஜின் ஸ்டோனர் அங்கே இருந்தபோது உருவானது, 1959-ல் கோல்ட் நிறுவனம் உரிமையை வாங்கிக்கொண்டது. இன்றைக்கு ரூகர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், பால்மெட்டோ என்று ஆளாளுக்குச் செய்வதால் அடிப்படை மாடல் ஐந்நூறிலிருந்து எழுநூறு டாலருக்குள்ளேயே கிடைக்கிறது. அதனால் நானும் கிட்டத்தட்ட வாங்கியேவிட்டேன்.

என்னைத் தடுத்தது கடைக்காரப் பெரியவர் ஒருவர். எழுபது வயது இருக்கும். "மாசத்துக்கு எவ்வளவு சுடப்போகிறாய்?" என்று கேட்டார். யோசிக்காமல் "இருநூறு" என்றேன். "அப்படியானால் அதை முதலில் பெருக்கிப் பார், துப்பாக்கியை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து பெருக்கினேன். நான் வாங்கிய சமயத்தில் இங்கே .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டா ஒன்று சுமார் 8 சென்ட், 9 மில்லிமீட்டர் சுமார் 25 சென்ட், ஏ.ஆர். சாப்பிடுகிற .223 சுமார் 50 சென்ட், .308 கிட்டத்தட்ட ஒரு டாலர். மாதம் இருநூறு என்றால் .22-க்குப் பதினாறு டாலர், .223-க்கு நூறு, .308-க்கு இருநூறு. வருடக் கணக்கில் 192 டாலர், 1200 டாலர், 2400 டாலர். துப்பாக்கி விலையில் இருநூறு டாலர் வித்தியாசத்துக்கு வாரக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தவன் இந்த ஆயிரம் டாலரைக் கவனிக்கவே இல்லை. அறுநூறு டாலருக்கு ஏ.ஆர். வாங்கி, தோட்டா வாங்கக் காசில்லாமல் அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

சரி, ஏன் இந்த விலை வித்தியாசம்? பெயரைப் பார்த்தால் .22, .223 இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஏனென்றால் அது அங்குலத்தில் குண்டின் விட்டத்தை ஒட்டி வைத்த பெயர். விட்டம் உண்மையிலேயே ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சாதாரண .22 குண்டு 40 கிரெய்ன் எடை, நொடிக்கு 1200 அடி வேகம். .223 குண்டு 55 கிரெய்ன், நொடிக்கு 3200 அடி. (கிரெய்ன் என்பது தானிய மணியை வைத்து வந்த எடை, நம்ம ஊர்ப் பத்தர்கள் குன்றிமணி வைத்து நிறுத்த மாதிரி. ஒரு கிராமுக்குச் சுமார் பதினைந்தரை கிரெய்ன்.) எடை ஒன்றரை மடங்குகூட இல்லை, வேகம் இரண்டரை மடங்குக்கு மேல், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் அது ஏறக்குறையப் பத்து மடங்கு. .22-ன் கூட்டுக்குள் இருப்பது ஒரு சிட்டிகை மருந்து. உள்ளே எழும் அழுத்தம் குறைவு என்பதால் .22 செமி ஆட்டோவின் போல்ட்டைப் பூட்டி வைக்கவே தேவையில்லை, அதன் எடையும் பின்னால் இருக்கிற ஸ்பிரிங்கும் போதும், வெடிக்கும்போது கூடே பின்னால் தள்ளிவிடும். .223-ல் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம். அங்கே போல்ட் பூட்டிக்கொள்ள வேண்டும், குழலிலிருந்து வாயுவைத் திருப்பிக் கொண்டுவந்து அதைத் திறக்க வேண்டும். பாகமும் அதிகம், உலோகமும் உசத்தி.

.223 பக்கம் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 5.56 நேட்டோ தோட்டா பார்ப்பதற்கு அச்சு அசல் .223 போலவே இருக்கும், உள்ளேயும் போகும். ஆனால் தோட்டா உட்காருகிற சேம்பருக்கு முன்னால் குண்டு தாவுகிற இடம் இரண்டு துப்பாக்கியிலும் வேறு. குழலில் 5.56 என்று பொறித்திருந்தால் இரண்டையும் சுடலாம், .223 ரெமிங்டன் என்று மட்டும் இருந்தால் 5.56 போடக் கூடாது. .223 வைல்ட் என்று போட்டிருந்தால் இரண்டும் சரி.

மற்ற காலிபர்களை, அதாவது தோட்டா அளவுகளை, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 7.62x39, அதாவது ஏ.கே., எஸ்.கே.எஸ். என்ற ரஷ்ய ரக ரைஃபிள்கள் சாப்பிடுகிற தோட்டா, ஒரு காலத்தில் ஏழைகளின் தேர்வு. 1990-களில் எஸ்.கே.எஸ். நூறு டாலருக்குப் பக்கத்தில் கிடைத்தது என்று பழைய ஆட்கள் இன்னும் பெருமூச்சு விடுவார்கள். மலிவான ரஷ்யத் தோட்டா பெட்டி பெட்டியாக வந்துகொண்டிருந்தது, 2021-ல் புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியதோடு அந்தக் கதை முடிந்தது. அது போக, உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் தோட்டாவில் இரும்பு இருக்கிறதா என்று காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டினால் அந்தத் தோட்டாவுக்கு அனுமதி இல்லை. 9 மில்லிமீட்டர் கார்பைன் (குட்டை ரைஃபிள்) நல்ல யோசனைதான், ஏற்கெனவே அதே தோட்டாவில் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு. எனக்குப் பிஸ்டல் இல்லை. .308 செமி ஆட்டோ எல்லாம் இந்தப் பட்ஜெட்டில் பேச்சுக்கே இடமில்லை.

ஆக .22 என்று முடிவானது. அதிலும் இரண்டு பேர் போட்டிக்கு நின்றார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி 15-22 பார்க்க ஏ.ஆர். மாதிரியே இருக்கும், சேஃப்டி, மேகசினை (தோட்டா அடுக்கிய பெட்டியை) கழற்றும் பொத்தான் எல்லாம் அதே இடத்தில், பின்னால் ஏ.ஆர். வாங்கப்போகிறவர்களுக்குக் கை பழகும். நான் பார்த்த கடையில் நூறு டாலருக்கு மேல் அதிகம். இன்னொன்று ரூகர் 10/22. 1964-லிருந்து இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது, ஐந்து பவுண்டு எடை, பத்துத் தோட்டா சுழல் மேகசின் வெளியே துருத்தாமல் அடியோடு அடியாக உட்கார்ந்துவிடும். மரக்கட்டை வைத்தது. எதைத் திருகினாலும் மாற்றுப் பாகம் கிடைக்கும், டி.வி.எஸ். 50 மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10/22-ஐயே எடுத்தேன், 290 டாலர். பழைய மார்லின் 60 ஒன்றும் மலிவாக இருந்தது, நல்ல துப்பாக்கி என்பார்கள், ஆனால் குழலுக்கு அடியிலிருக்கும் குழாயில் ஒவ்வொன்றாகத் தோட்டா போட வேண்டும், எனக்குப் பொறுமை கிடையாது.

வாங்குகிற நடைமுறை. 4473 என்று ஒரு படிவம், அதில் 'நீங்கள்தான் உண்மையில் வாங்குபவரா' என்று ஒரு கேள்வி வரும். நண்பனின் காசில் அவனுக்காக வாங்குபவர் அதில் 'ஆம்' என்று எழுதினால் அது ஃபெடரல் குற்றம், நம் ஆட்கள் இதை விளையாட்டாக நினைக்கிறார்கள். எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் இருக்கின்றன, ஆனால் விசா பணயத்தில் இருக்கும்போது வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள். படிவத்தை வைத்து எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை நடக்கும். பலருக்குப் பத்து நிமிடத்தில் முடிகிறது. எனக்கு 'தாமதம்' என்று வந்தது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு இருபத்தாறு எழுத்தில் பெயர் வைத்திருக்கிறவனுக்கு இதெல்லாம் புதிதா என்ன! இரண்டாம் நாள் சரியாகிவிட்டது. டெக்சாஸில் ரைஃபிளுக்குக் காத்திருப்பு நாள் கிடையாது, மாநில அனுமதிச் சீட்டும் கிடையாது. கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு, நியூ ஜெர்சியிலும் இல்லினாயிலும் துப்பாக்கிக்கென்றே தனி அடையாள அட்டை வேண்டும், அங்கே இருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அறுநூறில் மிச்சம் எங்கே போனது என்று கேட்டால், 130 டாலர் பூட்டு வைத்த இரும்புப் பெட்டிக்கு. மனைவி கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான். சுவரின் மரச்சட்டத்தில் போல்ட் அடித்து மாட்டினேன், சாவி எங்கள் இரண்டு பேரிடம் மட்டும். தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். டெக்சாஸ் சட்டப்படி சுடத் தயாரான துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது பதினேழு வயதுக்குக் கீழான பிள்ளை கைக்குப் போனால் குற்றம், ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் வைத்திருப்பேன். அவள் முழுச் சம்மதம் என்று சொல்லவில்லை, "பெட்டி முதலில் வரட்டும், துப்பாக்கி அப்புறம்" என்றாள், அப்படியே செய்தேன். ஸ்கோப் 65, காதுக்கவசமும் கண்ணாடியும் 45, ஐந்நூறு தோட்டா 40, துப்பாக்கிக்கு வரி 24. காதுக்கவசத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். .22-தானே என்று விடாதீர்கள், அதன் சத்தமே 140 டெசிபலைத் தொடும். சுத்தம் செய்யும் சாமான் வாங்க மறந்துபோய் மீதி ஆறு டாலரை வைத்துக்கொண்டு விழித்தேன்.

அந்த ஐந்நூறு தோட்டாவில் ஒரு பாடம் கிடைத்தது. இருந்ததிலேயே மலிவான பெட்டியை எடுத்தேன், ஐம்பதுக்கு இரண்டு மூன்று வெடிக்கவே இல்லை. .22-ல் தீப்பற்றும் மருந்து கூட்டின் நடுவில் இருக்காது, விளிம்புக்குள் சுற்றிப் பரவியிருக்கும். எங்கேயாவது பரவாமல் விட்டிருந்தால் துப்பாக்கியின் ஊசி அந்த இடத்தில் அடித்து ஏமாந்துபோகும். அப்படி ஆனால் உடனே திறக்கக் கூடாது, குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிக்கிறவையும் உண்டு. பிறகு நாலைந்து வகையில் ஐம்பது ஐம்பதாக வாங்கிப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதல் விலையில் ஒன்று என் துப்பாக்கிக்குப் பிடித்துப்போனது, பக்கத்து மேசைக்காரரின் 10/22-க்கு அதே தோட்டா பிடிக்கவில்லை. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ராசி. இன்னொன்று, அந்தக் குட்டிக் குண்டு ஒன்றரை மைல் வரை போகும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் டப்பாவை வைத்துச் சுடுகிற ஆசை வந்தால் அதை எடுத்துப் படியுங்கள்.

ஆப்பிள்சீட் என்று இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறார்கள், இருபத்தைந்து கெஜ தூரத்தில் சுட வேண்டும், பாதிப் பேர் 10/22-ஓடுதான் வருவார்கள். வாரைக் கையில் சுற்றி இறுக்கிப் படுப்பது, மூச்சை விட்ட இடைவெளியில் விசையை அழுத்துவது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டது. 250-க்கு 210 எடுத்தால் 'ரைஃபிள்மேன்' என்று ஒரு பட்டை தருவார்கள். நான் 187. ஏ.ஆரோடு வந்திருந்த இளைஞன் இரண்டு நாளில் சுட்டதற்கு ஆன செலவை மதியச் சாப்பாட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் என்னிடம் 10/22 எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டான்.

இப்போது புதுச் சிக்கல். அந்த அலுவலக நண்பர் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். டெக்சாஸில் மானை .22 மாதிரி விளிம்புத் தோட்டாவால் சுடுவது சட்டவிரோதம், சென்டர்ஃபயர், அதாவது தீப்பற்றும் மருந்து கூட்டின் நடுவில் இருக்கிற தோட்டா, வேண்டும். வருடத்துக்கு ஒரு பெட்டித் தோட்டாதான் செலவாகும் என்பதால் .308-ன் ஒரு டாலர் விலை இந்தத் தடவை உதைக்கவில்லை, அதோடு செமி ஆட்டோவே தேவையில்லை, என்.சி.சி.யில் சுட்ட மாதிரி போல்ட் இழுக்கிற ரைஃபிள் நானூறுக்குள் கிடைக்கிறது. இரும்புப் பெட்டியில் இன்னொன்றுக்கு இடமும் இருக்கிறது. கணக்கெல்லாம் சரியாகத்தான் வருகிறது. வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை.