மார்கழிக் குறிப்புகள்: ஒரு லென்ஸ், பன்னிரண்டு படம்

மார்கழி 1 (டிசம்பர் 16, 2024, திங்கள்)

இந்த மாதப் புகைப்படப் பயிற்சிக்குக் களம் தஞ்சைப் பெரிய கோயிலும் அதை ஒட்டிய வீதிகளும். ஏபிஎஸ்-சி சென்சார் (ஏறத்தாழ 24க்கு 16 மி.மீ. ஒளியுணரி) கொண்ட ஒரு கேமரா, 35 மி.மீ. லென்ஸ் ஒன்று. ஜூம் கிடையாது. நாளொன்றுக்கு 12 படம், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

ஏன் 12? 120 ஃபிலிம் சுருளில் ஆறுக்கு ஆறு செ.மீ. சதுரப் படம் எடுத்தால் 12 தான் வரும். பதின்மூன்றாவதுக்குச் சுருளை மாற்ற வேண்டும். மெமரி கார்டில் ஆயிரம் படத்துக்கு இடம் இருப்பதால் "எடுத்து வைப்போம், பிறகு பார்க்கலாம்" என்ற பழக்கம் வந்துவிட்டது. அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதே இல்லை.

கேமராவில் இன்று செய்ய வேண்டியவை சில. படம் எடுத்தவுடன் திரையில் அது தோன்றும் வசதியை மெனுவில் அணைக்கவும். ஒவ்வொரு சொடுக்குக்கும் தலை திரையை நோக்கிக் குனிந்தால், எதிரே நடப்பது போய்விடும். கோப்பு வகை ரா, அதாவது சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் வகை. ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவு) தானியங்கியில் விட வேண்டாம். ட்ரைபாட் கொண்டுபோக எண்ணினால் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்; இந்தக் குறிப்புகள் எல்லாம் கையில் பிடித்து எடுப்பதற்கானவை. முழங்கைகளை விலாவோடு சேர்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்தினால் ஷட்டர் வேகம் 1/60 நொடி வரை நடுங்காமல் வரும்.

பிராகாரத்தில் உட்கார்ந்ததும் லென்ஸ் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எது அசைகிறது, எது அசையவில்லை என்று மட்டும் பார்த்தால் போதும். முதல் மூன்று நிமிடம் கை துறுதுறுக்கும். அதன் பிறகுதான் கண் இறங்கி வேலை செய்யும்.

மார்கழி 3 (டிசம்பர் 18, புதன்)

கோலம். மேல வீதியை ஒட்டிய சந்துகளில் ஐந்தரைக்கெல்லாம் வாசல் தெளித்தாகிவிடும்.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். ஈரமான கருந்தரையில் மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தால், படப்பரப்பில் பெரும்பகுதி கறுப்புதான். ஒளிமானி "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டும். தரை சாம்பலாகும், கோடு வெளிறி மாவின் மணி மணியான தன்மை அழிந்துபோகும். எக்ஸ்போஷர் ஈடு பொத்தானில் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக, குறைக்க வேண்டும். சாணம் மெழுகிய தரையென்றால் அதைவிடச் சற்று அதிகம். தெருவிளக்கு வெளிச்சத்தில் எஃப் 2 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), 1/60, ஐஎஸ்ஓ 3200. சூரியோதயத்துக்குக் கால் மணி முன்பு ஐஎஸ்ஓ 800 போதும்.

நின்ற இடத்திலிருந்து சாய்வாக எடுத்தால் புள்ளி வரிசைகள் தூரத்தில் நெருங்கி, 15 புள்ளிக் கோலம் விசிறிபோல ஆகிவிடும். நேர் மேலிருந்து எடுத்தால் உங்கள் நிழல் கோலத்தின் மேல் விழும். தெருவிளக்கு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் நின்று, வாசல் படியிலோ திண்ணையிலோ ஏறிக் கையை உயர்த்துவதே நல்ல வழி. படியில் ஏறும் முன் கோலம் போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். போட்டு முடிக்கும் முன் கேட்காதீர்கள், புள்ளி எண்ணிக்கை தவறிவிடும்.

சாணப் பிள்ளையாரில் செருகிய பரங்கிப்பூ இன்னொரு சிக்கல். மொத்த ஹிஸ்டோகிராம் (ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) சரியாகத் தெரியும்போதே சிவப்பு வரைபடம் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். இதழின் நரம்புகள் போய் மஞ்சள் திட்டு மட்டும் மிஞ்சும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடம் காட்டும் அமைப்பை வைத்துக்கொண்டு, சிவப்பைப் பார்த்துக் குறைக்கவும்.

12 படத்தில் 10 தான் காலைக்கு. மீதி இரண்டு அதே கோலத்துக்கு, அதே இடத்திலிருந்து, உச்சிவேளையில். அதற்குள் எறும்பு பச்சரிசி மாவைப் பாதி சுமந்துபோயிருக்கும், சைக்கிள் சக்கரம் ஒரு வளைவை இழுத்துவிட்டிருக்கும். அழியத்தான் போட்டது அது. காலைப் படத்தையும் பகல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் கோலம் எதற்கானது என்று படம் பேசும். காலைப் படம் மட்டும் தனியாக இருந்தால் அது வெறும் வடிவம்.

மார்கழி 7 (டிசம்பர் 22, ஞாயிறு)

சூரியன் ஆண்டிலேயே மிகத் தெற்கில் எழும் நாட்கள். தஞ்சையில் இன்று உதயம் 6:27 அளவில், நேர் கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி.

கோயில் கிழக்கு நோக்கியது. காலையில் எல்லாரும் கிழக்கு முகத்தைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்த முகத்தில் வெயில் கிட்டத்தட்ட நேராக அறைகிறது. சிற்பத்துக்கு நிழல் இல்லை, படம் தட்டை. ஒளி இருக்கும் இடம் தெற்குச் சுவர். அங்கே கதிர்கள் சுவரை உரசிக்கொண்டு போகின்றன. பிராகாரத்தைச் சூழ்ந்த திருச்சுற்று மாளிகையைத் தாண்டி வெயில் சுவரின் அடிப்பகுதியைத் தொட உதயத்திலிருந்து நேரம் பிடிக்கும், பொறுத்திருக்க வேண்டும். தொட்டதும், மாடத்தில் இருக்கும் உருவத்தின் விரல் கணு, ஆடை மடிப்பு, அதிட்டானம் என்னும் அடித்தளத்தில் வெட்டிய எழுத்து எல்லாம் தனித்தனியாக எழும்பி நிற்கும். சூரியன் ஏற ஏற அது மங்கும்.

முதலாம் இராசராசன், தான் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை அனைத்தையும் கல்லில் வெட்டச் சொன்னான். கேமராவுக்கு அந்தக் கல்வெட்டு என்பது சில மில்லிமீட்டர் ஆழ நிழல்தான். நேர்வெயிலில் எடுத்தால் எழுத்தே இல்லை. பக்கவெயிலில் வாசிக்கலாம்.

எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ஒளியளவு வெயில் பட்ட கல்லுக்கு. நிழல் கறுத்துப்போனாலும் விடுங்கள். அதைத் தூக்கி வெளிச்சமாக்கினால் எழுத்தின் ஆழமும் கூடவே போய்விடும்.

இன்னொன்று: கருவறை மேல் எழும் கோபுரமான விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற பேச்சு உண்டே, இன்று பகல் 12:12க்குச் சூரியன் உச்சம் தொடும்போது வடக்குப் பிராகாரத்தில் போய் நில்லுங்கள். சூரியன் தெற்கே 56 பாகை உயரத்தில் இருக்கும். 60 மீட்டருக்கும் உயர்ந்த விமானத்தின் நிழல் வடக்குத் தரையில் நன்றாகவே விழுகிறது. நிழலின் நுனியை மட்டும் சட்டத்துக்குள் வைத்து, ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று படம். அது நகர்வதை நின்று பார்ப்பதே ஒரு தியானம். இல்லாத அதிசயத்தைவிட இருக்கும் நிழல் அழகு.

மார்கழி 9 (டிசம்பர் 24, செவ்வாய்)

பனி. லென்ஸ் மேல் படிவது முதல் பிரச்சினை. 18, 20 பாகையில் ஏசி ஓடிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் நீராகிவிடும். துடைத்தால் மறுபடி படியும், துடைத்த இடத்தில் கோடும் விழும். இரவே கேமராவை ஏசி இல்லாத அறையில் வைக்கவும். மறந்துவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி வெளியே கொண்டுவந்து அரை மணி கழித்துத் திறக்கவும். ஈரம் பைமேல் படியும், கண்ணாடியில் படியாது.

கோலத்தில் செய்ததற்கு நேர் எதிர் இங்கே. பனி வெண்மை, ஒளிமானி அதையும் சாம்பலாக்கும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். தானியங்கி ஃபோகஸ் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் அலையும், கையால் வைத்துக்கொள்வது மேல். கணினியில் பனியை நீக்கும் கருவியைத் தொடாதீர்கள். பனிக்குள் பாதி கரைந்த விமானம்தான் அன்று கண்ட விமானம்.

மார்கழி 12 (டிசம்பர் 27, வெள்ளி)

1858இல் லின்னேயஸ் டிரைப், சென்னை அரசின் புகைப்படக்காரர், இந்த விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைத் தொடராகப் படமெடுத்து, 21 பிரதிகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். இன்றைய பயிற்சி அவர் செய்ததன் சிறிய பகுதி: வலம் வரும் போக்கிலேயே, தெற்குச் சுவரில், 12 படத்தில்.

கணக்கு இப்படி. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, சுவரிலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்றால், 35 மி.மீ. லென்ஸ் சுமார் 1.8 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அடுத்தடுத்த படங்கள் 40 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் 1 மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். 12 படத்தில் 13 மீட்டர் சுவர் கிடைக்கும். விமானத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர், ஆக பாதிகூட ஆகாது. ஆகட்டும்.

எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் மூன்றையும் முதல் படத்திலேயே பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டும்போது ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு நிறம். தளக் கற்களின் இணைப்புக் கோட்டை வழியாக வைத்துக்கொண்டால் 4 மீட்டர் இடைவெளி மாறாது.

பெரும்பாலும் தோற்பது வேறொரு காரணத்தால். ஒரே இடத்தில் நின்று சுழன்று எடுக்கும் அகலப்படத்தில் கேமராவின் இடம் மாறுவதில்லை. இங்கே மாறுகிறது. அடித்தளத்தில் புடைத்து நிற்கும் குமுத வரியும் உள்ளடங்கிய கண்டப் பகுதியும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால், ஒவ்வொரு அடிக்கும் ஒன்றுக்கொன்று இடம் மாறித் தெரியும். மென்பொருள் குழம்பி ஒரே எழுத்தை இரண்டாகக் காட்டும். மருந்து: எந்த வரியில் எழுத்து இருக்கிறதோ அந்த வரியை மட்டும் பொருத்துங்கள், மற்றவை பிசகினால் பிசகட்டும். எழுத்தின் நடுவில் ஒட்டுக் கோடு வராமல், சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தில் கையால் வெட்டிச் சேர்ப்பது இன்னும் நல்லது.

ஓர் அடி, ஒரு மூச்சு, ஒரு படம். வலம் வருவோர் குறுக்கே வந்தால் நின்று வழிவிட வேண்டும். அவர்களைப் படத்துக்காக ஒதுங்கச் சொல்வது எந்த நாளும் கூடாது. நடப்பது அவர்களுக்கு வழிபாடு, நமக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்கழி 15 (டிசம்பர் 30, திங்கள், அமாவாசை)

விளக்கு. அகல் சுடருக்கும் அதை ஏந்தும் கைக்கும் இடையே ஒளி வேறுபாடு 10 ஸ்டாப்பையும் தாண்டும். இரண்டும் ஒரே படத்தில் முழுமையாக வராது. எது வேண்டும் என்று முன்பே தீர்மானிக்க வேண்டும். கை வேண்டுமென்றால் எஃப் 2, 1/60, ஐஎஸ்ஓ 3200, சுடர் வெள்ளையாகிவிடும். சுடரின் இதழ் வடிவம் வேண்டுமென்றால் எஃப் 4, 1/500, ஐஎஸ்ஓ 200, மற்றதெல்லாம் கும்மிருட்டு. இரண்டையும் கலந்து ஒன்றாக்கும் வசதிகள் உண்டு, செல்பேசியின் இரவுப் பயன்முறையும் அதைத்தான் செய்கிறது. அப்படி வரும் படத்தில் இருட்டு இருட்டாக இருக்காது, விளக்குக்கு அங்கே வேலையும் இருக்காது.

ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் பொன்னிறத்தைக் குறை என்று எண்ணிக் கழுவிவிடும். 3000 கெல்வினில் (ஒளி நிறத்தின் அளவு; எண் குறைந்த ஒளி செம்மையானது) நிறுத்துங்கள். சுடரின் நிறம் 2000க்குக் கீழே; ஆக வெதுவெதுப்பு மிஞ்சும், ஆனால் முகம் செங்கல் நிறமாகாது.

வழிபாட்டு இடத்தில் ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்பதால் ஓசையற்ற மின்னணு ஷட்டர். அதில் எல்இடி விளக்குகள் கறுப்புப் பட்டைகளை விழவைக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் முழுத்துடிப்பும் அடங்கி, பட்டை மறையும்.

கருவறைக்குள் எடுக்க அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் வேண்டாம். பன்னிரண்டில் ஒன்றை எடுக்காமலே விட்டு, அந்த இடத்தை அதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

மார்கழி 20 (ஜனவரி 4, 2025, சனி)

தேர்வு. எடுத்த அன்றே தேர்ந்தெடுத்தால் குளிரும் நாதசுரமும் சேர்ந்து படத்தை உயர்த்திக் காட்டும். குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுங்கள். ஒரு நாளின் 12ஐயும் சிறு படங்களாக ஒரே திரையில் வைத்து, கண்ணைச் சற்று இடுக்கிப் பாருங்கள். விவரம் மறைந்து ஒளியும் இருளும் மட்டும் தெரியும். எது நிற்கிறதோ அதுதான். நாளுக்கு ஒன்று.

நான்குக்கு ஆறு அங்குல அச்சு போடுங்கள். 1200க்கு 1800 பிக்சல் போதும். பின்பக்கம் தேதியும் ஒரு வரியும் பென்சிலால் எழுதுங்கள். படத்தில் இல்லாததை எழுதுங்கள்: காற்று, வாசனை, யார் பாடினார்கள். கோப்புகள் இரண்டு வன்தட்டுகளில் இருக்கட்டும்.

மார்கழி 26 (ஜனவரி 10, வெள்ளி, வைகுண்ட ஏகாதசி)

இன்று கேமரா வீட்டில். நோன்புக்கு உணவு எப்படியோ அப்படி. 12 படத்தையும் கண்ணால் எடுத்து, மாலையில் நோட்டில் 12 கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒளி வந்த திசைக்கு ஓர் அம்புக்குறி, பெரிய உருவத்துக்கு ஒரு வட்டம். பெரும்பாலும் ஏழெட்டுக் கட்டத்துக்கு மேல் நிரம்பாது. நிரம்பாத கட்டங்களை அப்படியே வெறுமையாக வைத்திருங்கள்.

மார்கழி 29 (ஜனவரி 13, திங்கள், ஆருத்ரா தரிசனம், போகி)

சூரியன் தென்கிழக்கில் எழும் மாதத்தில் முழுநிலவு வடகிழக்கில் எழும். இன்று சூரியன் மறைவதற்கு முன்பே நிலவு எழுந்துவிடுகிறது. 35 மி.மீ. லென்ஸில் நிலவின் உருவம் சென்சாரில் 0.3 மி.மீ. தான், படத்தின் அகலத்தில் எழுபதில் ஒரு பங்கு. பெரிய நிலவை எதிர்பார்த்தால் ஏமாற்றம். கோபுரத்தின் மேல் ஓர் அட்சதைபோல இருக்கும், அதற்கேற்ப வானத்துக்கு இடம் விடுங்கள்.

மறைவுக்குப் பின் 10 முதல் 15 நிமிடம்தான் வானமும் கல்லும் நிலவும் ஒரே அளவுக்குள் வரும். பிறகு நிலவு வெறும் வெள்ளைப் பொட்டு. காலையில் போகிப் புகை பனியோடு கலந்திருந்தால் சூரியனே பழுப்பாகத் தெரியும். ஒயிட் பேலன்ஸைப் பகல்வெயில் அளவில் வைத்து, அந்தப் பழுப்பை விட்டுவிடுங்கள்.

தை 1 (ஜனவரி 14, செவ்வாய்)

மார்கழி 7இல் நின்ற அதே தளக்கல், அதே உயரம், அதே லென்ஸ், தெற்குச் சுவர். உதயம் 6:36. சூரியன் வடக்கே திரும்பி மூன்று வாரமாகியும் உதயம் ஒன்பது நிமிடம் பிந்தியிருக்கிறது. எழும் இடம் 24 பாகையிலிருந்து 22க்கு வந்திருக்கிறது. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்: மாடத்தின் ஓரத்தில், எழுத்தின் குழியில், நிழல் ஒரு நூல் அளவு நகர்ந்திருக்கும்.